கட்டையை எடுத்த கை

தம்பிக்கு, அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழக் கூடாதென்றுதான் "ம், சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தச் "சரி"யை இப்போது திருப்பி வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கவரை ஒட்டாமல்தான் தபாலில் போடப் போகிறேன். நீ கட்டப் போகிற துவாரகா வாசிக்கட்டும், அவளுடைய அப்பா வாசிக்கட்டும், நீ வேலை செய்கிற கந்தோரில் தபால் பிரிக்கிறவருக்கும் பொழுது போகட்டும். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே இது. கொழும்புக்கு மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கல்யாணத்துக்கு எங்களை ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி வந்து இறங்கச் சொன்னாய். காரைக் கொண்டு வர வேண்டாம், மண்டபத்தில் பார்க்கிங் ரொம்ப நெருக்கடி, உங்களுக்கு அங்கே போட வராது என்றாய். அதுகூடப் போகட்டும். போனை வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "அம்மா, போட்டோ எடுக்கிறப்போ அப்பாவ சால்வைய வலது கையில சுத்திக்கச் சொல்லுங்க, பாக்க ஒரு மாதிரியா இருக்கும்ல" என்றாய். யாருக்கு ஒரு மாதிரியாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். இரண்டு விரல் போய், ஒரு விரல் மடங்காமல் நிற்கிற அந்தக் கையைப் பார்த்தால் யாருக்கு ஒரு மாதிரியாக இருக்கும்? எனக்கு இல்லை. அந்தக் கையில்தான் தினமும் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கிறேன். அவருக்கும் இல்லை. அவர் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகி, போட்டு முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். மீதி இருப்பது நீதான்.

மறுநாள் திங்கட்கிழமை துவாரகாவின் அப்பா உன் அப்பாவுக்குப் போன் எடுத்தார். நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் உன் பொய்யைக் கேட்டுவிட்டு அப்படியே மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை. "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கலியாணம் முடிய நான் அங்கை வாறன். தொழில் கந்தோரில எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், விசாரணை வைக்கச் சொல்லுவம். அண்டைக்கு அந்த மெசினில நிண்டவர் ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். உன் அப்பா போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அது மறந்து போச்சுங்க" என்றார். அந்த மனிதருக்கு மறதி என்று ஒன்று உண்டா? எந்த வளைவில் எந்த லொறியின் எந்த டயர் வெடித்தது என்று இன்றைக்கும் சொல்வார். அன்றைக்கு மத்தியானம் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

பாக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் மெசினில் நிற்பவர் யார் என்று உனக்குத் தெரியும். செல்வம். நீ "செல்வம் மாமா, செல்வம் மாமா" என்று தோளில் ஏறித் திரிந்த அதே செல்வம்தான். உன் அப்பாவின் கை அந்த மெசினில் மாட்டியது என்று நீ கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறாய். விசாரணை என்று கோட்டுப் போட்டவர்கள் வந்து இறங்கினால், அவர்கள் முதலில் கூப்பிட்டு நிறுத்தப் போவது செல்வத்தைத்தான். மெசினை நிறுத்தாமல் விட்டது நீதானா, குடித்திருந்தாயா என்று கேட்பார்கள். தோட்டத்து மேனேஜர் துரைக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இல்லை, உன் அப்பா நடந்ததைச் சொன்னால், நஷ்ட ஈட்டுக்காகப் பொய் சொன்ன மனிதன் என்ற பெயரோடு இந்தத் தோட்டத்து ரோட்டில் நடக்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் உனக்கு? நீ வேட்டி கட்டி மணவறையில் உட்காருவதற்கு முன்னால் எனக்கு இது தெரிய வேண்டும்.

உனக்கு மறந்திருந்தால் அந்தச் சனிக்கிழமையை ஞாபகப்படுத்துகிறேன். மறுநாள் பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. மேலே பஸ் ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தால் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். காயப் போட்ட துணி, பீலித் தண்ணீரில் குளிக்கிறவர்கள், கானில் ஓடுகிற சோப்புத் தண்ணீர் எல்லாம் கண்ணில் படும். அது உனக்குப் பிடிக்கவில்லை. நேராக நம் வாசலுக்கே வண்டி இறங்க வேண்டும் என்றாய். "நம்ம வீட்டுல கார் நிக்கிற எடம் இருக்குன்னு சொல்லிட்டேன்ப்பா" என்றாய். இல்லாத இடத்தை இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டாய். பிறகு உன் அப்பா கோழிக் கூட்டை உடைத்தார், என் லீக்ஸ் பாத்தியைக் கொத்தி மண்ணை அள்ளினார், கானுக்கு மேல் பலகைக் கல் போட்டார். ஒரு பக்கம் மலையைத் தாங்குகிற கல் மதில், மறு பக்கம் கான், பின்னால் நம் வீட்டுச் சுவர். நடுவில் ஒரு கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு இடம் வந்தது. அதுவும் சரிவு. மேலே ரோட்டிலிருந்து பின்பக்கமாக இறக்கி வந்து நிறுத்த வேண்டும்.

வண்டி புதிது. கிளச் பெடல் கிடையாது, ஆட்டோ கியர், ஆனால் முழு ஆட்டோ இல்லை, உள்ளே சாதாரண கியர்ப் பெட்டிதான், ஒரு மோட்டர் அதை மாற்றிவிடுகிறது என்று நீயே எனக்கு விளக்கம் சொன்னாய். அதற்கு முந்தின வாரம் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னதும் நீதான். "கடை பார்க்கிங் ஏத்தத்துல நின்னேன்ம்மா, பிரேக்க விட்டு எக்ஸலேட்டர மிதிக்கிறதுக்குள்ள வண்டி பின்னாடி வந்து ஒருத்தன் பம்பர்ல முட்டிருச்சு. இந்த வண்டி அப்பிடித்தான், புடிக்க ஒரு செகண்ட் ஆகும்." எனக்கு அப்போது அது ஒரு வேடிக்கைக் கதை. வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் உனக்குத் தெரிந்திருந்தது. அதை எனக்குச் சொன்னாய். வண்டிக்குப் பின்னால் வந்து நின்ற மனிதருக்குச் சொல்லவில்லை.

உன் அப்பா கொழுந்து லொறியில் கிளீனராகவே காலத்தைக் கழித்தவர். இந்த மலையில் லொறி நிறுத்துகிற இடம் எல்லாமே சரிவு. டிரைவர் பின்னால் எடுக்கும்போது கிளீனர் மரக்கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பார். பாடியில் ஒரு தட்டு தட்டினால் வா, சேர்த்து இரண்டு தட்டினால் நில். நின்றதும் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருகுவார். மறுபடி முன்னால் எடுக்கும்போது டிரைவர் கிளச்சைப் பாதி விட்டுப் பிடிப்பார், எஞ்சின் சத்தம் கனக்கும். சத்தம் கனத்தால் வண்டி பிடித்துவிட்டது, இனிப் பின்னால் வராது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் கிளீனர் கட்டையை உருவுவார். கண்ணால் பார்த்து இல்லை, யாரும் சொல்லி இல்லை, காதால் கேட்டு. இந்தப் பக்கத்தில் வண்டிக்குப் பின்னால் நிற்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். நீயும் சின்ன வயதில் விளையாட்டு லொறிக்குப் பின்னால் தீப்பெட்டியை வைத்துவிட்டு வாயால் சத்தம் போட்டு எடுத்தவன்தான்.

அன்றைக்கு நீ பின்னால் இறக்கினாய். வண்டி கோணலாக வந்தது. பக்கக் கண்ணாடி மதிலில் உரசப் பார்த்தது. உன் அப்பா பாடியில் இரண்டு தட்டுத் தட்டினார். நீ தலையை வெளியே நீட்டி, "அப்பா, தட்டாதீங்க, பெயிண்ட் போயிரும்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே, "சரி சாமி, தட்டல. கொஞ்சம் முன்னுக்கு எடுத்து ஒடிச்சி வாங்க தம்பி" என்று சொல்லி, குனிந்து கட்டையைச் செருகினார். "கட்டையெல்லாம் வேணாம்ப்பா, இது லொறியா? யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க, எடுங்க அத" என்றாய். எடுங்க அத என்றாய், ஞாபகம் இருக்கிறதா? நான் வாசல்படியில் மாவு சலித்துக்கொண்டு நின்றேன், என் காதில் விழுந்தது. கியரை முன்னால் தள்ளினாய். ஹேண்ட் பிரேக் போடவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து எக்ஸலேட்டரை மிதித்தாய். எஞ்சின் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் கை தானாகவே கட்டையை உருவப் போனது. லொறியில் பிடித்த பிறகுதான் சத்தம் கனக்கும். உன் காரில் சத்தம் முதலில் வந்தது, பிடி பிறகுதான் வந்தது. இடையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் வண்டி பின்னால் வந்தது. கட்டைக்கும் டயருக்கும் நடுவில் அவருடைய கை இருந்தது.

நீ பயந்து மறுபடி பிரேக்கை மிதித்தாய். வண்டி அவர் கைமேல் ஏறியபடி நின்றது. அதற்குப் பிறகு நீ செய்தது என்ன? ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாய். நான் போட்ட கூச்சலுக்குச் செல்வம்தான் ஓடி வந்தார், லயத்து ஆட்கள் வந்தார்கள், எல்லாருமாகப் பின்னால் முட்டுக்கொடுத்து, உன்னையும் உள்ளே வைத்துக்கொண்டே காரை மேலே தள்ளினார்கள். கையை எடுத்ததும் நான் காலால் அந்தக் கட்டையைத் திரும்பச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துத் தள்ளினேன். இல்லாவிட்டால் கார் சுவரை இடித்து வீட்டுக்குள் வந்திருக்கும். செல்வம் ஓய்வு நேரத்தில் ஓட்டுகிற ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்வத்தின் சட்டையைக் கழற்றித்தான் கையைச் சுற்றினோம். வழியெல்லாம் உன் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பையன் பயந்துட்டான் புள்ள. அவன யாரும் ஒண்ணும் சொல்லிறாதீங்க."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விபத்து என்றால் விபத்துதான். நீ காரை விட்டு இறங்காமல் இருந்ததையும் நான் பொறுத்துக்கொண்டேன். பெற்ற வயிறு அதற்கு மேலும் பொறுக்கும். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ துவாரகாவுக்குப் போன் எடுத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலோடு உனக்குப் பின்னால் நின்றது உனக்குத் தெரியாது. "அப்பாக்கு பக்டரியில அக்சிடன்ட் ஆகிட்டுது. ரோலரில கை மாட்டிட்டுது. நாளைக்கு ஒருத்தரும் வர வேண்டாம், நான் பிறகு சொல்லுறன்" என்றாய். உள்ளே உன் அப்பாவுக்கு விரலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே நீ நடந்ததையும் மாற்றிப் பேசுகிறாய், பேச்சையும் மாற்றிப் பேசுகிறாய். "சொல்லுறன்", "வாறன்", "ஆகிட்டுது". அவர்கள் பேசுகிற தமிழ் அவர்களுக்கு அழகுதான். துவாரகா பேசினால் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். உன் வாயில் அது இரவல் சட்டை. அந்தப் பெண் உன்னை நீயாகத்தானே பார்த்துக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருப்பாள்? நீ ஏன் அவளுக்கு வேறு ஒருவனைக் காட்டுகிறாய்?

ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். கார் ஓட்டத் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்ற பயம் கொஞ்சம். அப்பா வண்டிக்குப் பின்னால் கட்டையோடு நிற்கிற ஆள் என்று தெரிந்துவிடும் என்ற வெட்கம் நிறைய. அவரைப் "பாக்டரியில் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாய். லொறி வேலையில் ஓய்வு பெற்ற பிறகு எப்போதாவது தேயிலைத் தூள் மூட்டை ஏற்றப் போகிறவரைப் பாக்டரி ஆளாக்கிவிட்டாய். கட்டோடு கட்டிலில் கிடந்தவரிடம் போய், "அப்பா, அவங்க கேட்டா மெசின்ல மாட்டுனதுன்னே சொல்லிருங்கப்பா" என்று கெஞ்சினாய். "சரி தம்பி, நீங்க கவலப்படாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்த உன் வருங்கால மாமனார் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கண் கலங்கினார். "எவ்வளவு உழைச்ச கை. நீங்கள் ஏன் நட்டஈடு ஒண்டும் கேக்கேல்லை?" என்றார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்படிக்குள் போய் நின்றேன். தேத்தண்ணிக்குச் சீனி போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

நீ காரை அங்கேயே விட்டுவிட்டுக் கோச்சியில் போய்விட்டாய். சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு, "அது அங்கயே கிடக்கட்டும்மா, என்னால அதப் பாக்க முடியல" என்றாய். உன்னால் பார்க்க முடியாததைத்தான் நான் விடிந்தால் எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் முழுக்க அதுதான். தண்ணீர் வாளியோடு மதிலை ஒட்டி வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் அவரைப் பஸ்ஸில் ஏற்றி, அந்தக் கையைக் கூட்டத்தில் யாரும் இடிக்காமல் நான் இரண்டு பக்கமும் வேலி மாதிரி நிற்க வேண்டும். வாசலில் கார் நிற்கிறது, நாங்கள் பஸ்ஸில் தொங்குகிறோம். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுப்போகிற பிள்ளைகளை எல்லாம் பிள்ளைக் காம்பராவில் மேய்த்தவள், இந்தத் தகரத்தை மேய்க்க முடியாதா என்று ஹட்டனில் வண்டி பழக்குகிற சிங்கள மாஸ்டரிடம் போய் நின்றேன். அவர் என் தலை நரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மாஸ்டர் நம் வாசலுக்கு வந்து முதல் தடவை கதவைத் திறந்து பார்த்ததும் தலையில் கை வைத்தார். கியர் நியூட்ரலில் கிடந்தது. ஹேண்ட் பிரேக்கை அந்தக் களேபரத்தில் யார் இழுத்தார்களோ, பாதிதான் இழுபட்டிருந்தது. இந்த வண்டிக்கு முழு ஆட்டோ வண்டிகளில் இருக்கிற மாதிரி நிறுத்தி வைக்கிற 'பி' கிடையாது. கியரில் போட்டு எஞ்சினை அணைத்தால்தான் சக்கரம் பூட்டும். நீ நியூட்ரலில் விட்டுப் போயிருக்கிறாய். அத்தனை நாளும் அந்தச் சரிவில் உன் காரைப் பிடித்துக்கொண்டு நின்றது உன் அப்பாவின் கட்டை. நீ எடுக்கச் சொன்ன அதே கட்டை. அதில் படிந்திருந்த ரத்தம் கறுத்துப் போய், மழை அடித்தும் போகவில்லை.

இப்போது அந்த இடத்தில் நான் நிறுத்துகிறேன். கார் பழகுகிறேன் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன்; லைசன்ஸ் எடுத்துவிட்டதைச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. எனக்குப் போட வராது என்று சொன்னாயே, எப்படிப் போடுவது என்று சொல்கிறேன், உனக்கு உதவும். இந்த வண்டியில் கிளச் இல்லை என்று நினைப்பதுதான் முதல் பிசகு. கிளச் இருக்கிறது. உனக்குப் பதிலாக வேறொன்று அதை மிதிக்கிறது, அவ்வளவுதான். அது உன் அவசரத்துக்கு ஓடாது. முன்னாலிருந்து பின்னால் மாற்றும்போது பிரேக்கை நன்றாக மிதித்து, வண்டி முழுக்க நின்ற பிறகு மாற்ற வேண்டும். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்கும், முன்னால் மீட்டரில் கியர் எழுத்து மாறும். அது மாறும்வரை கால் அசையக் கூடாது. நெருக்கமான இடத்தில் சமதரையாக இருந்தால் எக்ஸலேட்டர் பக்கமே போகாதே. பிரேக்கை மெல்ல விட்டாலே வண்டி தவழும், அந்தத் தவழல் போதும். மிதித்தால் ஒன்றும் நடக்காதது போல இருந்துவிட்டு, திடீரென்று ஒரு குதி குதிக்கும். உனக்கும் மதிலுக்கும் நடுவில் அந்தக் குதிதான் எதிரி.

சரிவில் மேலே எடுக்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழு. பிறகு கியரைப் போடு. ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கும்போதே மெல்ல மிதி. வண்டியின் மூக்கு கொஞ்சம் தூக்கும், பின் பக்கம் அமரும். வண்டி இழுக்கப் பார்க்கிறது என்று உன் முதுகுக்குத் தெரியும். அப்போது ஹேண்ட் பிரேக்கை விடு. ஓர் அங்குலம் பின்னால் வராது. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஹெமின், ஹெமின், அம்மே" என்று சொல்லிச் சொல்லி, மெல்ல மெல்ல என்று, ஒரே வாரத்தில் எனக்குப் பழக்கிவிட்டார். ஒரு வாரம்தான், தம்பி. அந்தச் சனிக்கிழமை நீ ஒரு கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தால் போதும். அல்லது அதைவிடச் சுலபம், "அப்பா, இது பின்னாடி வரும், தள்ளி நில்லுங்க" என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை. கட்டையை எடுக்கச் சொல்ல வாய் வந்தது, இதைச் சொல்ல வரவில்லை. முதல் தடவை நான் அப்படிச் சரிவில் எடுத்து, வண்டி பின்னால் வராமல் ஏறியபோது எஞ்சினை நிறுத்திவிட்டு அழுதேன். மாஸ்டர் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

உன் அப்பா இப்போதும் பின்னால் வந்து நிற்கிறார். நான் காரை இறக்குகிற சத்தம் கேட்டால் போதும், படுத்திருந்தாலும் எழுந்து இடது கையில் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "என்னாங்க, இது தேவல்லங்க, நான் பாத்துக்கிறேன், தள்ளிப் போங்க" என்பேன். "வண்டிக்குப் பின்னால ஒரு ஆளு நிக்கணும் புள்ள" என்பார். ஆனால் சத்தத்துக்கு இப்போது கட்டையை எடுப்பதில்லை. நான் இறங்கி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று "எடுங்க" என்று சொன்னால்தான் குனிகிறார். அத்தனை வருசம் காதை நம்பிய மனிதர் இப்போது தன் காதை நம்புவதில்லை. உன் கார் விரலை மட்டும் எடுக்கவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு இன்னும் மோசம். சாயங்காலத்தில் செல்வம் வழக்கம்போலப் பேச வந்து வாசலில் நின்று "அண்ணே" என்று கூப்பிட்டால், இவர் பின்பக்கத்தால் இறங்கி மலைக்குள் போய்விடுகிறார். "அண்ணனுக்கு என் மேல எதும் கோவமா மதினி?" என்று செல்வம் என்னைக் கேட்கிறார். தன் சட்டையைக் கழற்றிச் சுற்றிய மனிதருக்கு நான் என்ன பதில் சொல்ல? நீ சொல்லு.

உனக்கு நான் புத்தி சொல்வதாக இல்லை. பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவிட்டு "நான் இல்ல" என்று சொன்னால், கடித்ததற்கு நான் அடித்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மூன்றாவது பிள்ளையைக் கை காட்டினால்தான் அடி விழும். உனக்கு இது தெரியும், நீயும் என்னிடம் வளர்ந்தவன்தான். உன் கல்யாண வாழ்க்கை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கோயிலில் நிற்கிறேன். ஆனால் செல்வத்தின் வேலையின் மேல் ஏறி நின்று நீ தாலி கட்டுவதைப் பார்க்க நான் கொழும்புக்கு வர மாட்டேன் என்றும் நினைத்தேன். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, நான் ஏன் வராமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நான் என்ன செய்தேன்?

வருகிறோம். கோச்சியில் இல்லை. காரை நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். கினிகத்தேனை வளைவெல்லாம் இறங்கி, அவிசாவளையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வெள்ளவத்தைக்கு வந்து சேருவோம். மண்டபத்தில் வண்டி விடுகிற இடம் ஒரு சாய்வில் கீழே இறங்கிப் போகிறது, இரண்டு பக்கமும் தூண், பின்னால் சுவர் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நம் வாசலை விட விசாலம்தான். ரிவர்ஸில் இறக்குவேன். உன் அப்பா எவ்வளவு சொன்னாலும் கேட்காமல் பட்டு வேட்டியோடு கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நிற்பார். மாப்பிள்ளையின் அப்பா என்ன செய்கிறார் என்று பார்க்க நாலு பேர் கூடுவார்கள். பின் சீட்டிலிருந்து செல்வம் இறங்குவார். ஆமாம், அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் கல்யாணப் பத்திரிகை அவருக்கும் வந்ததே, நீதானே அனுப்பினாய்? துவாரகாவின் அப்பா நல்ல மனிதர், வாசலுக்கு வந்து வரவேற்பார். வந்தவரிடம் எங்கே வேலை என்று கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். செல்வத்துக்கு நீ கொழும்பில் சொன்ன கதை எதுவும் தெரியாது. "பாக்டரியில ரோலர்ல நிக்கிறேங்க" என்று சிரித்துக்கொண்டு சொல்வார்.

அதற்கு முன்னால் நீ அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முதலில் துவாரகாவிடம் சொல். அந்தப் பெண் உன்னைவிடத் தைரியசாலி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ சொல்லவில்லை என்றால் அங்கே வந்து நான் வாய் திறக்க மாட்டேன், பயப்படாதே. உன் அப்பாவும் சொல்ல மாட்டார், உனக்காக இன்னொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வார். அப்போது எல்லாருக்கும் முன்னால் அவர் குனிவதை நீ மணவறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு.

சால்வை விசயத்துக்கும் பதில் சொல்லி முடித்துவிடுகிறேன். அட்சதை போடும்போது அவர் வலது கையால்தான் போடுவார். அரிசி அந்த இடைவெளியில் கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும். சால்வை தோளில்தான் இருக்கும்.

அம்மா